ஸ்பானர் ஆசையும் சாலை ஆசையும்
பழைய வண்டி வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு

ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் கைக்கு வந்ததும் சில பிள்ளைகளுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் மேல் கண் போய்விடுகிறது. ஆர்எக்ஸ் 100 எடுக்கலாமா, சாமுராய் எடுக்கலாமா, யெஸ்டி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். டூல் ரூமில் நின்றே தலை நரைத்தவன் நான். வாசலில் இன்னும் இரண்டு டூ ஸ்ட்ரோக் வண்டி நிற்கிறது. அதனால்தான் என்னிடம் வருகிறார்கள். ஆளுக்கு ஆள் சொன்னதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன். தம்பிகளுக்கு மட்டுமல்ல, பழைய வண்டி ஆசை உள்ள தங்கச்சிகளுக்கும் இதேதான்.

1. முதலில் உன் ஆசை எது என்று தெரிந்துகொள்.

வண்டி ஆசை என்று பொதுவாகச் சொல்கிறோம். உள்ளே இருப்பது இரண்டு ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தினத்தாளை விரித்து, கார்பரேட்டரைப் பிரித்துப் பரப்பினால்தான் சிலருக்கு மனசு நிறையும். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிச் சாலையில் வளைவு மேல் வளைவாக வரும்போதுதான் வேறு சிலருக்கு மனசு நிறையும். முன்னதற்குப் பெயர் ஸ்பானர் ஆசை, பின்னதற்குச் சாலை ஆசை என்று வைத்துக்கொள். பழைய வண்டிக்கு இரண்டும் வேண்டும். உன்னிடம் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். வண்டி நடுவழியில் நின்றால் உனக்கு முதலில் வருவது எரிச்சலா, அல்லது ‘என்னவாக இருக்கும்?’ என்ற யோசனையா? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம், உனக்குத் தெரிந்தால் சரி. இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் வாங்கியவர்கள்தான் ஆறு மாதத்தில் பாதி விலைக்கு விற்கிறார்கள்.

2. சாலை ஆசை மட்டும்தான் என்றால் புது வண்டி வாங்கு.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சாவி போட்டால் கிளம்ப வேண்டும், பெட்ரோல் போட்டால் போதும் என்று நினைப்பது நியாயமான ஆசைதான். அதற்கு வேண்டியதெல்லாம் உன் கண்ணெதிரே இருக்கிறது. டிவிஎஸ் தொழிற்சாலை இந்த ஊரில், ஏத்தர் தொழிற்சாலை இந்த ஊரில், ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை நம் மாவட்டத்திலேயே போச்சம்பள்ளியில். மின்சார வண்டியில் பிளக் இல்லை, கார்பரேட்டர் இல்லை, கழற்றுவதற்கே அதிகம் கிடையாது. ஸ்பானர் ஆசைக்காரனுக்கு அது குறை. சாலை ஆசைக்காரனுக்கு அதுவே வரம்.

3. பழைய வண்டியில் ஷிப்டுக்குப் போகாதே.

காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்குக் கேட்டில் நிற்க வேண்டும். டிசம்பர் மாதத்து ஓசூர்க் குளிரில், சோக் இழுத்து, பத்து உதை உதைத்தும் கிளம்பாத வண்டி உன் சம்பளத்தில் கை வைக்கும். அது மட்டுமல்ல. வேலைக்குப் போக அதுதான் வண்டி என்றால், பழுதை நிதானமாகப் பார்க்க உனக்கு மனசு வராது. இன்றைக்கு ஓடினால் போதும் என்று கம்பியைக் கட்டி ஒப்பேற்றுவாய். அப்படி ஒப்பேற்றிய வேலைகள் சேர்ந்து சேர்ந்துதான் ஒரு நாள் பெரிய செலவாக வந்து நிற்கும். வேலைக்குக் கம்பெனி பஸ்ஸிலோ புது வண்டியிலோ போ. பழைய வண்டியை அவசரமில்லாத நாளுக்கு வைத்துக்கொள்.

4. இந்த ஊர் வண்டியில் தொடங்கு.

ஆர்எக்ஸ் 100 நல்ல வண்டி, மறுக்கவில்லை. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டிக்கு இப்போது கேட்கும் விலையில் பாதி வண்டிக்கு, பாதி பேருக்கு. யெஸ்டி மைசூரில் செய்தது. அங்கே 1961-ல் ஜாவாவோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலையும் 1996-ல்தான் மூடியது. புல்லட் 1955-லிருந்து சென்னையில் உருவாகி வருவது. இவற்றுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, விலையும் இருக்கிறது.

ஓசூருக்கு என்று ஒரு வரிசை உண்டு. 1980-ல் இங்கிருந்து வந்தது டிவிஎஸ் 50. இருவர் உட்காரும்படி இந்தியாவில் வந்த முதல் மொபெட் அது. 1984-ல் இண்ட்-சுசுகி என்ற பெயரில் ஏஎக்ஸ் 100 வந்தது. ஜப்பான் கூட்டோடு நம் நாட்டில் வந்த 100 சிசி வண்டிகளுக்கு அதுதான் முன்னோடி. பிறகு சாமுராய், ஷோகன், மேக்ஸ் 100 எல்லாம் வந்தன. சுசுகியோடு பிரிந்த 2001-லேயே சொந்த வடிவமைப்பில் விக்டர் வந்தது. இந்த வண்டிகளைப் பூட்டிய கைகள் இன்னும் இந்த ஊர்த் தெருக்களில்தான் இருக்கின்றன. ஓய்வுபெற்று மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர், உன் கிளட்ச் சத்தத்தைக் கேட்டே எந்த வாஷர் தேய்ந்தது என்று சொல்லிவிடுவார். அந்த வசதி வேறு ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

5. வண்டிக்கு முன்னால் காகிதத்தைப் பார்.

நாம் இருப்பது எல்லையில். அத்திப்பள்ளி போனாலே கர்நாடகம். பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று கேஏ நம்பர் வண்டியை வாங்கிவந்து அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இங்கே ஏராளம். வேறு மாநில வண்டியை ஓராண்டுக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு அந்த ஊர் ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு மலிவா என்று சொல்.

இருசக்கர வண்டிப் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் துடைத்துப் பார்த்து ஒப்பிடு. ஒரு எழுத்து ஒத்துவராவிட்டாலும் வீட்டுக்கு வந்துவிடு. இன்ஜினைச் சரிசெய்யலாம், காகிதத்தைச் சரிசெய்ய முடியாது.

6. ஆறிய இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும்.

‘காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போ. போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் உன்னிடம் எதையோ மறைக்கிறார்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா என்று பார். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தை இரு கையாலும் பக்கவாட்டில் ஆட்டு. ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ் போயிருக்கலாம். டூ ஸ்ட்ரோக் கிளம்பியதும் கொஞ்ச நேரம் புகை வரும், அது சகஜம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் கொட்டினால், கியர் பெட்டி ஆயிலை கிராங்க் சீல் வழியாக இழுக்கிறதோ என்று சந்தேகப்படு. பெயின்ட்டைப் பார்த்து மயங்காதே, அது பத்து நாள் வேலை.

7. வாங்கிய வாரமே இன்ஜினை இறக்காதே.

இதுதான் தொடக்கக்காரர்களைக் கெடுக்கும் பெரிய ஆசை. முழுக்கப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பளபளப்பாக்கிப் பூட்டிவிடலாம் என்று சனிக்கிழமை ராத்திரி தொடங்குவார்கள். பிரிக்க ஒரு ராத்திரி போதும், பூட்டுவதற்கு ஆண்டு போதாது. பாகலூர் சாலையிலும் கெலமங்கலத்திலும் சாக்கு மூட்டையில் கிடக்கும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் நிற்கும் வண்டியாக்கு, பிறகு ஓடும் வண்டியாக்கலாம். பிரேக் ஷூ, டயர், கேபிள், பெட்ரோல் டியூப் என்ற வரிசையில் பார். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயர் இறுகிப்போய் மழையில் வழுக்கும். இதெல்லாம் ஆனதும் ஒரு மாதம் ஊருக்குள் ஓட்டு. எந்த வேலை முதலில், எது பிறகு என்று வண்டியே சொல்லும்.

8. கருவி குறைவாக இருக்கட்டும், நல்லதாக இருக்கட்டும்.

8, 10, 12, 14, 17 ரிங் ஸ்பானர், பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ், நல்ல ஸ்க்ரூ டிரைவர். ஜப்பான் வழி வந்த வண்டிகளுக்கு இவ்வளவில் பாதி வேலை முடிந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வை. அந்த வண்டிகளில் உள்ள நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஜப்பானிய அளவு. கடையில் கிடைக்கும் சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுசாக உட்காராது. அழுத்தித் திருகினால் ஏறி வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். ஜேஐஎஸ் முனை உள்ள டிரைவரைத் தேடி வாங்கு. இறுகிப்போன ஸ்க்ரூவுக்குச் சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். அலுமினியக் கூட்டில் எதையும் மூச்சைப் பிடித்து முறுக்காதே. புது பிளக்கை விரலாலேயே கடைசிவரை திருகி, பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று. அவ்வளவுதான்.

9. பிளக்கைப் படிக்கக் கற்றுக்கொள்.

ஸ்பானர் ஆசை உள்ளவனுக்கு இதுதான் முதல் பாடம். வண்டியை ஐந்தாறு கிலோமீட்டர் நன்றாகச் சூடேற ஓட்டு. சமமான காலிச் சாலையில் கொஞ்ச தூரம் ஒரே வேகத்தில் போய், சட்டென்று கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து ஓரமாக நில். துணி சுற்றிப் பிளக்கைக் கழற்று. நடுமுனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானைப் பார். வறுத்த காபிக்கொட்டையை விட ஒரு நிறம் குறைவாக, வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. கறுத்து எண்ணெய்ப்பசையோடு இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். வெளுத்துச் சுண்ணாம்பு போல இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்றை இழுக்கிறது. அதைச் சும்மா விட்டால் பிஸ்டன் உருகும். பாயின்ட் உள்ள வண்டியாக இருந்தால் அதன் இடைவெளி 0.35 மில்லிமீட்டர் அக்கம்பக்கத்தில் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜை விட்டுப் பார். பிளக்கைப் படிப்பதை விட்டால், காசு செலவில்லாமல் இன்ஜினின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வேறு வழி கிடையாது.

10. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அதை எழுதி வை.

பிளக்கை மாற்றி, ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி, பாயின்ட்டையும் தேய்த்துவிட்டு ‘வண்டி சரியாகிவிட்டது’ என்கிறார்கள். எதனால் சரியானது? தெரியாது. அடுத்த மாதம் திரும்பவும் கெட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொழிற்சாலையில் உனக்குச் சொல்லித் தரும் முறை இங்கேயும் பொருந்தும். 2002-ல் டிவிஎஸ் மோட்டாருக்கு டெமிங் பரிசு கிடைத்தபோது ஊரே பேசியது. அந்தப் பரிசுக்குப் பின்னால் இருப்பது மாயம் அல்ல. அளந்து, ஒன்றை மாற்றி, விளைவைப் பார்த்து, எழுதி வைக்கும் பழக்கம். லைனில் அதைச் செய்கிறவன் வீட்டு வாசலில் செய்யமாட்டேன் என்றால் எப்படி? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, விளைவு.

11. மேலுமலை இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியே இறங்காதே.

ஓசூர் உயரத்தில் இருக்கும் ஊர். சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் போகும்போது மேலுமலையில் சாலை இறங்குகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இன்ஜின் பிடியில் இறங்கலாம். டூ ஸ்ட்ரோக்குக்கு அது ஆபத்து. அதன் கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் ஆயில் போவது பெட்ரோலோடு கலந்துதான், அல்லது ஆக்சிலேட்டரோடு இணைந்த பம்ப் வழியாக. ஆக்சிலேட்டரை மூடிவிட்டால் ஆயிலும் குறைந்துவிடும். சக்கரம் மட்டும் இன்ஜினை வேகமாகச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஆயில் இல்லாமல் சுழலும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் இறக்கத்தில் பிரேக்கை நம்பி மெதுவாக இறங்கு. இடையிடையே கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகிவிடு. சத்தம் திடீரென்று இறுகி, யாரோ பின்னால் இழுப்பது போல வேகம் குறைந்தால் யோசிக்காதே, அந்த நொடியே கிளட்சைப் பிடி. பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் பின்னால் வரும் லாரிக்கு உன்னைப் பார்க்க நேரம் இருக்காது.

கலவை விஷயத்தில் கைக்கணக்கு வேண்டாம். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. உன் வண்டிக்கு எது என்று கையேட்டில் பார்.

12. லேத் பட்டறை இருக்கும் ஊரில் இருக்கிறாய், அதைப் பயன்படுத்து.

வேறு ஊரில் பழைய வண்டிக்கு ஒரு புஷ் தேய்ந்தால் பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ அலைய வேண்டும். இங்கே தெருவுக்குத் தெரு துணைத் தொழில் பட்டறைகள். தேய்ந்த புஷ்ஷைக் கொண்டுபோய்க் காட்டினால் வெண்கலத்தில் கடைந்து கொடுப்பார்கள். ஆனால் ‘இதே மாதிரி’ என்று சொல்லாதே. தேய்ந்ததை அளந்தால் தேய்ந்ததுதான் வரும். எந்த ஷாஃப்டில் உட்கார வேண்டுமோ அந்த ஷாஃப்டையும் கொண்டுபோ.

சிலிண்டர் போர் போடும்போது பிஸ்டனை முதலில் வாங்கு. 0.25, 0.50 என்று கால் கால் மில்லிமீட்டராகப் பெரிதாகும் பிஸ்டன் கிடைக்கும். கையில் இருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டு போர் போடச் சொல். நூறு சிசி டூ ஸ்ட்ரோக்கில் அந்த இடைவெளி 50 மைக்ரான் அக்கம்பக்கம். தலைமுடியை விட மெல்லியது. இதைத் துல்லியமாகச் செய்யக்கூடியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். இன்னொன்று, கம்பெனி மிஷினில் சொந்த வேலை செய்யாதே. ஒரு புஷ்ஷுக்காக கேட்டில் செக்யூரிட்டி முன்னால் பையைத் திறந்துகாட்டி வேலையைத் தொலைக்காதே.

13. வாரத்துக்கு ஒரு முறையாவது ஓட்டு.

இது ஸ்பானர் ஆசைக்காரர்களுக்கு. ஓட்டாத வண்டி கெட்டுப்போகும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் டியூபையும் ஓ-ரிங்கையும் ஊறவைத்துக் கெடுக்கும். நிறுத்தி வைத்தால் கார்பரேட்டர் அடியில் பிசின் போலப் படியும், பைலட் ஜெட் அடைத்துக்கொள்ளும். அந்த ஜெட்டைக் கம்பியால் குத்தாதே. பித்தளை மெதுவானது, ஓட்டை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்துக் காற்றால் ஊது. தூண்டில் நரம்பு விட்டுச் சுத்தம் செய்தாலும் சரி. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டரில் உள்ளதை வடித்துவிடு.

ஓட்ட நல்ல வழி எது என்று கேட்டால், விடியற்காலையில் கெலமங்கலம், ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி அணை வரை போய்வா. நாற்கரச் சாலையில் பழைய வண்டிக்கு மரியாதை கிடையாது. இருட்டில் மட்டும் காட்டுப் பக்கம் போகாதே. சானமாவிலும் அஞ்செட்டிப் பக்கமும் ராகி விளையும் காலத்தில் யானைகள் சாலையைக் கடக்கும். 6 வோல்ட் விளக்கு யானையைக் காட்டாது, யானைக்குத்தான் உன்னைக் காட்டும்.

14. மெக்கானிக்கிடம் பாதி படித்தவனாகப் போகாதே.

தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசிக்கொண்டே வேலை செய்யும் அண்ணன்மார் இந்த எல்லை முழுக்க இருக்கிறார்கள். அவர்களிடம் போய், வீடியோவில் இப்படிச் சொன்னார்கள் என்று பாடம் எடுக்காதே. என்ன சத்தம், எப்போது வருகிறது, சூடானதும் வருகிறதா, எந்த கியரில் வருகிறது என்று மட்டும் சொல். உன் நோட்டைக் காட்டு. பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேள். கேட்ட கூலியைக் கொடு. தொழில் கற்றுக்கொடுத்ததற்குத் தனிக் காசு வாங்கமாட்டார்கள், அதை நினைத்தாவது பேரம் பேசாதே.

15. கழற்றுவதுதான் இன்பம் என்று தெரிந்துவிட்டால் அதை ஒப்புக்கொள்.

சிலர் ஓட்டவே மாட்டார்கள், ஆனால் கை சும்மா இருக்காது. அதுவும் நல்ல ஆசைதான். ஓடுகிற வண்டியை வேலை கிடைப்பதற்காகவே பிரிப்பது மட்டும் தப்பு. உன் கைக்கு வேலை வேண்டுமென்றால் நண்பன் வண்டியைப் பார். சாலை ஆசை மட்டும் உள்ள ஒருவன் பக்கத்து அறையிலேயே இருப்பான். நீ பூட்டிக் கொடு, அவன் ஓட்டிவிட்டு வந்து எப்படி இருந்தது என்று சொல்லட்டும். இருவருக்கும் ஒரே வண்டி போதும்.

16. இரண்டு ஆசையும் தீர்ந்தால் ஓடும் நிலையில் விற்றுவிடு.

கல்யாணம் வரும், குழந்தை வரும், வேறு ஊருக்கு மாற்றல் வரும். ஞாபகத்துக்கு என்று மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளி வைக்காதே, அங்கே துருதான் வளரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆசை உள்ள ஒரு பிள்ளையாகப் பார்த்துக் கொடு. பெயர் மாற்றம் முடிந்த பிறகே சாவியைக் கையில் கொடு. நோட்டையும் சேர்த்துக் கொடு. எதை மாற்றினாய், எது பாக்கி, எந்த இடத்தில் ஒப்பேற்றி வைத்திருக்கிறாய் என்று மறைக்காமல் சொல். ஓசூர் மாநகராட்சி ஆகிவிட்டது என்றாலும் பழைய வண்டிக்காரர்கள் வட்டம் சின்னது. நீ விற்ற வண்டி அடுத்த வாரம் ராயக்கோட்டைச் சாலை சிக்னலில் உன் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஓட்டுகிறவன் உன்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், திட்டக்கூடாது.